வெள்ளைப் பூ பூத்த பட்டாணி

செடியில் பூத்த பூவின் நிறத்தைக் கேட்டே, ஒரு பட்டாணி பன்றிக்குட்டிக்கு ஆகுமா ஆகாதா என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். வெள்ளைப் பூ என்றால் தயங்காமல் தீவனத்தில் சேர்க்கலாம். ஊதாப் பூ என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐரோப்பாவில் பன்றித் தீவனம் தயாரிப்பவர்களுக்கு இது பாலபாடம்.

இந்தப் பாடத்தின் முதல் வரியை எழுதியவருக்குப் பன்றி நினைவிலேயே இருந்திருக்காது. இன்றைய செக் குடியரசில் இருக்கும் ப்ரூன் நகரத்து மடத்தின் தோட்டத்தில், 1856-ல் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலப்பு செய்யத் தொடங்கினார். அவர் பின்தொடர்ந்த ஏழு பண்புகளில் ஒன்று விதைத்தோலின் நிறம். விதைத்தோல் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால் பூ ஊதா. தோல் வெளிறியிருந்தால் பூ வெள்ளை. இரண்டும் கைகோத்தே வருவதை அவர் குறித்துவைத்தார். கலப்பின் இரண்டாம் தலைமுறையில் 929 செடிகளை எண்ணினார். 705 செடிகளில் ஊதாப் பூ, 224 செடிகளில் வெள்ளைப் பூ. மரபியலின் புகழ்பெற்ற மூன்றுக்கு ஒன்று கணக்கு அது.

தோலும் பூவும் ஏன் கைகோத்து வருகின்றன என்பது மெண்டலுக்குத் தெரிய வழியில்லை. இதழுக்கு ஊதா நிறம் தரும் வேதிப்பாதைதான் ஒரு கிளை பிரிந்து போய் விதைத்தோலில் டானினையும் உண்டாக்குகிறது. அந்தப் பாதை முழுவதற்கும் பொதுவாக ஒரு சுவிட்சு உண்டு. அந்த மரபணுவை 2010-ல் அடையாளம் கண்டார்கள். வெள்ளைப் பூச் செடியில் டிஎன்ஏ-வின் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால் சுவிட்சு அணைந்துவிட்டது. நிறமும் போயிற்று, டானினும் போயிற்று. வெள்ளைப் பூ என்பது சுவிட்சு அணைந்ததற்கான அறிவிப்புப் பலகை.

டானினை நாம் நாக்கால் அறிவோம். வாழைப்பூவைக் கடித்தால், காயாக இருக்கும் வாழைப்பழத்தைத் தின்றால், பாக்கை மென்றால் வாயை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பு அதனுடையது. எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போய் நாக்கு வறண்டதுபோல் ஆகிறது. வாயில் செய்வதையே அது குடலிலும் செய்யும். தின்ற புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், அதைச் செரிக்க வந்த நொதியையும் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த பன்றி இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பால் மறந்து ஒரு வாரமே ஆன குட்டிக்குத் தாங்காது.

சோயாவின் நிழல்

நல்ல சோயா புண்ணாக்கு இருக்கும்போது பட்டாணியை ஏன் கட்டி அழ வேண்டும்? சோயா புண்ணாக்கில் 44 முதல் 48 சதவீதம் வரை புரதம். பட்டாணியில் 20 முதல் 25 சதவீதம்தான். ஃபாபா அவரையில் 25 முதல் 30. லூபின் என்ற பயறில் 30-க்கு மேல். கணக்குப் பார்த்தால் சோயாதான் ராஜா. ஆனால் ஐரோப்பாவின் ராஜா வெளியூர்க்காரர். ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் சோயா விதையும் புண்ணாக்குமாகச் சுமார் 3 கோடி டன் இறக்குமதி செய்கிறது. பெரும்பங்கு பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது.

அப்படிச் சார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1973 காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு பெரு நாட்டுக் கடற்கரையில் எல் நினோ வந்து, நெத்திலி மீன்வளம் சரிந்தது. அந்த மீனிலிருந்து வரவேண்டிய மீன்தூள் நின்றுபோக, உலகமே சோயாவைத் தேடி ஓடியது. விலை எகிறியது. 1973 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசு சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை சில மாதங்களில் நீங்கிவிட்டாலும், பிடித்த பயம் நீங்கவில்லை. ஜப்பானின் உதவியோடு பிரேசில் சோயா சாகுபடியை விரித்தது அதன் பிறகுதான். இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1978 முதல் தீவனப் பட்டாணிக்கும் ஃபாபா அவரைக்கும் உதவித்தொகை கொடுத்தது. பிரான்சில் அதுவரை அதிகம் கண்ணில் படாத தீவனப் பட்டாணி, 1990-களின் தொடக்கத்தில் ஏழு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது.

2001-ல் இன்னொரு கதவு மூடியது. மாட்டுப் பித்து நோய்க்கு அஞ்சி, பண்ணை விலங்குகளுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கொடுப்பதை ஒன்றியம் தடை செய்தது. புரதத்துக்குச் செடியை நம்பியிருக்கும் நிலை இன்னும் இறுகியது.

பயறுக்கு மண்ணின் பக்கத்திலிருந்தும் சிபாரிசு உண்டு. அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. ஹெல்ரீகல், வில்ஃபார்ட் என்ற இரு ஜெர்மானியர்கள் 1880-களில் இதை நிறுவினார்கள். யூரியா வாங்காமல் புரதம் விளைவிக்கும் பயிர் இது. அடுத்த போகத்துக் கோதுமைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

பால்குடி மறந்த வாரம்

பன்றிக்குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நான்கு வாரத்தில் ஏழெட்டுக் கிலோ ஆகிவிடும். காட்டில் திரியும் பன்றி தன் குட்டிகளை மூன்று மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் மறக்கச் செய்கிறது. பண்ணையில் அது ஒரே நாளில் நடக்கிறது. 28 நாளுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. தனிக் கொட்டகை வசதி இருந்தால் ஒரு வாரம் முன்கூட்டிப் பிரிக்கச் சலுகை உண்டு.

அந்த ஒரு நாளில் குட்டிக்கு எல்லாம் மாறுகிறது. தாய் இல்லை. கொட்டகை புதிது. பக்கத்தில் படுத்திருப்பவர்கள் முன்பின் தெரியாத குட்டிகள். வெதுவெதுப்பான பாலுக்குப் பதில் தொட்டியில் காய்ந்த தீவனம். சில குட்டிகள் ஒரு நாள், சில இரண்டு நாள் வாயே வைப்பதில்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீண்டு நிற்கும் குடலுறிஞ்சிகள், உணவு வராத சில நாட்களிலேயே குட்டையாகிவிடுகின்றன. உணவை உறிஞ்சும் பரப்பே சுருங்கிவிடுகிறது.

வயிற்றிலும் சிக்கல். பால் குடிக்கும் காலத்தில் பாலிலுள்ள லாக்டோஸைப் பாக்டீரியா புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கும். வயிறு புளிப்பாக இருக்கும். பால் நின்றதும் அந்தப் புளிப்பும் நிற்கிறது. குட்டியின் சொந்த அமிலச் சுரப்போ இன்னும் பழகவில்லை. புரதத்தை உடைக்கும் பெப்சின் நொதிக்கு நல்ல புளிப்பு வேண்டும். அதற்கு மேல், பயறுப் புரதத்துக்கே அமிலத்தை ஈர்த்து அடக்கும் குணம் உண்டு. இருக்கிற கொஞ்சப் புளிப்பையும் அது குறைத்துவிடும். பால் மறந்த குட்டிகளின் தீவனத்தில் ஃபார்மிக், சிட்ரிக் போன்ற அமிலங்களைச் சேர்ப்பது இதனால்தான்.

வயிற்றிலும் சிறுகுடலிலும் உடையாமல் தப்பிய புரதம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. அவை அதை அழுகவைத்து அம்மோனியாவும் அமீன்களும் உண்டாக்கும். ஈ.கோலி பாக்டீரியாவின் சில வகைகள் குடல்சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். குட்டிக்குக் கழிச்சல் வரும். நாலைந்து நாள் கழிச்சல் என்றால் ஏழு கிலோக் குட்டியின் உடலில் நீரே நிற்காது.

இதனால்தான் தீவனப் புரதத்தை அளக்கும் முறையே மாறியது. தின்றதிலிருந்து சாணத்தில் வந்ததைக் கழித்தால் செரித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும் என முன்பு நினைத்தார்கள். ஆனால் பெருங்குடலில் பாக்டீரியா தின்று தீர்த்ததும் செரித்த கணக்கில் சேர்ந்துவிடும். குட்டிக்கு அதனால் தசை வளராது. இப்போது சிறுகுடல் முடியும் இடத்தில் சிறு குழாய் பொருத்தி, அந்த இடத்தில் மிஞ்சியதை அளக்கிறார்கள். அதற்கு முன் உடலுக்குள் போனது மட்டுமே வரவு. ஒரு பயறு நல்லதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள்.

விதை போட்டுவைத்த பூட்டுகள்

பட்டாணி தன்னை யாரும் தின்பதற்காகப் புரதத்தைச் சேர்ப்பதில்லை. அடுத்த பருவத்தில் முளைக்கப்போகும் தன் கன்றுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய கட்டுச்சோற்றைப் புழுவும் பூஞ்சையும் எலியும் சும்மா விடுமா? ஆகவே விதை பூட்டுகளைப் போட்டு வைக்கிறது. டானின் வெளிவாசல் பூட்டு. உள்ளே இன்னும் பல.

அவற்றில் பெயர்பெற்றது டிரிப்சின் தடுப்பான். கணையம் சுரக்கும் டிரிப்சின்தான் சிறுகுடலில் புரதத்தை வெட்டும் கத்தி. தடுப்பான் அந்தக் கத்தியின் வாயில் போய்ச் செருகிக்கொண்டு விலகாமல் உட்கார்ந்துவிடும். கத்தி மழுங்கியதும் உடல் இன்னும் டிரிப்சினைச் சுரக்கும். டிரிப்சினே ஒரு புரதம். அதில் கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டின் அதிகம். அதுவும் சேர்ந்து வீணாகும். பயறில் குறைவாக இருப்பதும் அதே கந்தக அமினோ அமிலம்தான். வரவு குறைந்த வீட்டில் செலவைக் கூட்டிவிடும் பூட்டு இது.

இதன் தடயத்தை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் பெயரும் மெண்டல். இவர் வேறு மெண்டல்: அமெரிக்காவின் லஃபாயெட் மெண்டல். தாமஸ் ஆஸ்போர்னோடு சேர்ந்து 1917-ல் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தார். பச்சைச் சோயா தின்ற எலிகள் வளரவில்லை. வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன. வேகும்போது அழிவது எது என்ற கேள்விக்குப் பதில் வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1940-களின் நடுவில் மோசஸ் குனிட்ஸ் அந்தத் தடுப்பானைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கிக் காட்டினார். சோயாவில் அது ஏராளம். அதை வறுத்து வெப்பம் ஏற்றாமல் குட்டிக்குக் கொடுக்கவே முடியாது. பட்டாணியில் அது பல மடங்கு குறைவு. வெள்ளைப் பூப் பட்டாணியைப் பச்சையாகவே மாவாக்கி அளவோடு சேர்க்க முடிவதற்கு இதுவும் காரணம். அதிலும் குளிர்காலத்தில் விதைக்கும் ரகங்களைவிட வசந்தத்தில் விதைப்பவற்றில் தடுப்பான் பொதுவாகக் குறைவு.

சூடு பல பூட்டுகளைத் திறக்கும். ஆனால் சூட்டுக்கும் அளவு உண்டு. மிஞ்சினால் விதையின் சர்க்கரையும் லைசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பேறும். தோசை முறுகுவதும் ரொட்டி சிவப்பதும் இதே வினையால்தான். 1912-ல் இதை விவரித்த லூயி காமில் மாயாரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். வாசனை கமகமக்கும், ஆனால் லைசின் குட்டிக்கு உதவாது போய்விடும். பூட்டைத் திறக்கும் நெருப்பே கட்டுச்சோற்றையும் கருக்கிவிடும்.

சூட்டுக்கு மசியாத பூட்டும் உண்டு. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் குடலிலும் இல்லை, பன்றியின் குடலிலும் இல்லை. மொச்சைக் குழம்புக்கு மறுநாள் வயிறு சொல்லும் கதை பன்றிக்குட்டிக்கும் பொருந்தும். ஊறவைத்தால் கொஞ்சம் கரைந்து வெளியேறும். முளைகட்டினால் விதையே அவற்றைச் செலவழித்துக்கொள்ளும். புளிக்கவைத்தால் பாக்டீரியா தின்றுவிடும். நம் வீடுகளில் தலைமுறைகளாக நடக்கும் இந்த மூன்று காரியங்களையும் தீவன ஆலைகள் டன் கணக்கில் செய்து பார்க்கின்றன. செலவு கட்டுப்படியாகிறதா என்பதே அவற்றின் கவலை.

ஒரு பலகை குட்டையான தொட்டி

எல்லாப் பூட்டும் திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் புரதம் குட்டிக்குப் போதுமா? புரதம் இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றில் சிலவற்றைக் குட்டியின் உடலால் செய்துகொள்ள முடியாது. தீவனத்தில் வந்தே தீர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தசை கட்டும் வேலை அந்த அளவோடு நின்றுவிடும். பலகைகளால் செய்த தொட்டியில் ஒரு பலகை குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு மேல் நிற்காதல்லவா?

அளவுகோல் லைசின். குட்டிக்கு லைசின் 100 பங்கு என்றால், கந்தக அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 60 பங்கு அளவுக்கு வேண்டும். டிரிப்டோஃபான் 20 பங்குக்குக் கொஞ்சம் மேல். பட்டாணியில் லைசின் தாராளம். ஆனால் அதன் 100 பங்கு லைசினுக்குக் கந்தக அமினோ அமிலம் 35 பங்கைத் தாண்டுவதில்லை, டிரிப்டோஃபானும் பற்றாக்குறை. கோதுமையோ தலைகீழ். அதில் லைசின்தான் பஞ்சம். கந்தக அமினோ அமிலம் லைசினைவிட அதிகம். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குட்டைப் பலகையை மற்றொன்று நீட்டிவிடும். சோற்றில் பருப்பைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டும் தாயும், அரிசியோடு உளுந்தைச் சேர்த்து அரைக்கும் கையும் செய்வது இதே கணக்குதான்.

மிச்சக் குறையைத் தொழிற்சாலை தீர்க்கிறது. 1956-ல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கொரினேபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமினோ அமிலங்களைக் கொட்டுகிறது. இன்று பெரும் கலன்களில் அதன் வாரிசுகளை வளர்த்து லைசின் எடுக்கிறார்கள். டிரிப்டோஃபான், திரியோனின் ஆகியவையும் நொதித்தலில் கிடைக்கின்றன. மெத்தியோனினைப் பெரும்பாலும் வேதிவினையால் செய்கிறார்கள். இதில் இரட்டை லாபம் இருக்கிறது. குறையும் அமினோ அமிலத்தைக் கிராம் கணக்கில் தனியாகச் சேர்த்துவிட்டால், தீவனத்தின் மொத்தப் புரதத்தைக் குறைக்கலாம். பெருங்குடலுக்குத் தப்பிப்போகும் புரதமும் குறையும், கழிச்சலும் குறையும். சோயாவுக்குப் பக்கத்தில் பட்டாணி நிற்க முடிந்ததில் இந்தப் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

மருந்து போன பிறகு

இத்தனை நுணுக்கமும் ஒரு காலத்தில் தேவைப்படவில்லை. குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் கூடவே கொஞ்சம் ஆன்டிபயாடிக் கலந்துவிட்டால் குடல் அடங்கியிருந்தது. வளர்ச்சியைத் தூண்டுவதற்காக அப்படிக் கலப்பதை ஸ்வீடன் 1986-ல் நிறுத்தியது. ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியில் நின்றது. அதன் பின் பண்ணைகள் துத்தநாக ஆக்சைடில் சாய்ந்தன. பால் மறந்த முதல் இரண்டு வாரம் கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தால் கழிச்சல் மட்டுப்பட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் சேர்ந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகவும் இடம் கொடுத்தது. 2022 ஜூனில் அதற்கும் தடை வந்தது.

முட்டுக்கொடுத்த இரண்டு கம்பும் போனதால், தீவனத்தின் குறை இப்போது குட்டியின் உடம்பில் நேராகத் தெரிகிறது. விதையின் பூட்டுகளைத் தொட்டியில் வைத்துச் சமாளிப்பதைவிட வயலிலேயே கழற்றிவிடுவது மேல் என்ற பழைய யோசனைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது.

அந்த யோசனையின் பெரிய வெற்றி லூபின். மத்தியதரைக்கடல் ஓரத்தில் லூபின் விதையை நாட்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துத்தான் தின்பார்கள்; அவ்வளவு கசப்பு. கசப்புக்குக் காரணமான ஆல்கலாய்டு பன்றிக்குச் சுத்தமாக ஆகாது. முகர்ந்துவிட்டுத் தொட்டியை விட்டு விலகிவிடும். 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் ஒரு விரைவுச் சோதனையை வைத்துக்கொண்டு பெருந்தொகையான செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கசப்பு ஏறக்குறைய இல்லாத சில செடிகள் அகப்பட்டன. அவற்றின் வழிவந்தவையே இனிப்பு லூபின் ரகங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் 1967-ல் வெளியிட்ட யூனிவைட் ரகமும் அந்த வழியில் வந்ததுதான். காட்டு லூபினின் பூ நீலம். யூனிவைட்டின் பூ வெள்ளை. இங்கே வெள்ளை நிறம் கசப்பைப் போக்கவில்லை. கசப்புச் செடி வயலில் கலந்துவிட்டால் நீலப் பூ காட்டிக்கொடுக்கட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த அடையாளம் அது.

ஃபாபா அவரையிலும் பூவே சாட்சி. வழக்கமான பூவின் பக்க இதழில் கரும்புள்ளி இருக்கும். புள்ளியே இல்லாமல் முழு வெள்ளையாகப் பூத்தால் விதைத்தோலில் டானின் இல்லை.

ஆனால் பூட்டைக் கழற்றியது பன்றிக்குட்டிக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கவில்லை. டானின் இல்லாத அவரையைக் குளிர்ந்த ஈரமண்ணில் விதைத்தால், பூஞ்சை அதை எளிதில் தின்கிறது, முளைப்பு குறைகிறது. பட்டாணியிலும் வெள்ளைப் பூ வகைகளை வேரழுகல் எளிதாகப் பிடிக்கிறது. கசப்பு நீங்கிய லூபினை அசுவினியும் முயலும் தேடி வருகின்றன. பிரான்சின் பட்டாணி வயல்கள் ஏழு லட்சம் ஹெக்டேரிலிருந்து பின்னாளில் இரண்டு லட்சத்துக்குப் பக்கமாகச் சரிந்ததற்கு உதவித்தொகைக் கொள்கை மாறியதும் ஒரு காரணம். அஃபனோமைசிஸ் என்ற வேரழுகல் கிருமி இன்னொரு காரணம். ஒருமுறை வயலில் குடியேறினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் காத்திருக்கும் கிருமி அது. அதை எதிர்த்து நிற்கும் குணம் எங்கே கிடைக்கும் என்று தேடிய ஆய்வாளர்கள், ஊதாப் பூப் பட்டாணியிடமும் போய் நின்றார்கள்.

ஆக, பூட்டு தேவையற்ற பொருளல்ல. அதன் வேலையை நாம் வேறொருவர் தலையில் மாற்றி வைக்கிறோம். ஊதாப் பூச் செடி தன் விதையைத் தானே காத்துக்கொண்டது. வெள்ளைப் பூச் செடியின் விதையை உழவர் காக்க வேண்டும்: நல்ல மண்ணில் விதைத்து, விதைநேர்த்தி செய்து, அதே வயலில் அடுத்த பட்டாணியைப் போடுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்து. ஒரு டன் பட்டாணியை ஒரு டன் சோயாவோடு ஒப்பிட்டு விலை பேசும் தீவன வியாபாரியின் சிட்டையில் இந்தக் காவல்கூலிக்கு இன்னும் ஒரு வரி இல்லை.